ரேஸ் காரின் வீல் பேரிங்: சத்தம் வந்தபின் மாற்றுவதா, கெடு வைத்து மாற்றுவதா, நக்கிளையே இரண்டு செட் வைப்பதா?

பழைய எஸ்டீமையோ ஸ்விஃப்டையோ உரித்து, ரோல் கேஜ் போட்டு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் சீசன் தொடங்கும் முன் இன்ஜினைப் பற்றிப் பேசுவார்கள், டயரைப் பற்றிப் பேசுவார்கள், சஸ்பென்ஷனைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். வீல் பேரிங் பேச்சு மட்டும் எழாது. அதை எப்படிப் பராமரிப்பது என்பதற்கு நம் கையில் நாலைந்து வழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, தலைவலி வேறு. என் கட்சி இரண்டாவது நக்கிள் செட் (நக்கிள் என்பது பேரிங்கைத் தாங்கிச் சஸ்பென்ஷனோடு இணைக்கிற உலோகத் துண்டு) என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் காருக்கும் அது பொருந்தாது, அதையும் சேர்த்துத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. அந்த இருங்காட்டுக்கோட்டை டிராக், அதாவது பழைய எம்எம்ஆர்டி, இப்போதைய மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், ஒரு சுற்று 3.7 கி.மீ. சொச்சம். பயிற்சி, குவாலிஃபையிங், ரேஸ் எல்லாம் சேர்த்து ஒரு வார இறுதியில் 30 சுற்று ஓடினாலும் 111 கி.மீ.தான். சாலையில் லட்சம் கி.மீ. தாங்குகிற பேரிங் இதற்கா சாகும் என்று தோன்றும். சாகும். அதைக் கொல்வது தூரமல்ல, பாரம்.

ஓட்டுநரோடு சேர்த்து 950 கிலோ எடையுள்ள கார், செமி ஸ்லிக் டயரில், 1 ஜி (காரின் எடைக்குச் சமமான) பக்கவாட்டு விசையோடு ஒரு வளைவில் போகிறது என்று வையுங்கள். முன்சக்கரம் இழுக்கிற கார் என்பதால் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன்பக்கம். வளைவின் வெளிப்பக்க முன் சக்கரம் மட்டும் சுமார் 450 கிலோ பக்கவாட்டு விசையை வாங்கும். அந்த விசை விழுவது டயர் தரையைத் தொடுகிற இடத்தில். பேரிங் இருப்பது அதற்கு 28 செ.மீ. மேலே. இந்த நெம்புகோலில் பேரிங்குக்குள் இருக்கும் இரண்டு வரிசைக் குண்டுகளில் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் தள்ளப்படுகிறது. வரிசைகளுக்கு இடையே பாரம் தாங்குகிற தூரம் 6 செ.மீ. என்று எடுத்தால், ஒவ்வொரு வரிசைக்கும் ஏறத்தாழ 2 டன். நேராக ஓடும்போது அதே வரிசை தாங்குவது 150 கிலோ அளவுக்குத்தான். பேரிங் ஆயுள் சூத்திரமோ இரக்கமில்லாதது: குண்டு பேரிங்கில் பாரம் இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகும், ரோலர் பேரிங்கில் பத்தில் ஒன்றாகும்.

இதோடு பிரேக் சூடு வேறு. டிஸ்க்கில் ஏறும் வெப்பம் ஹப் (சக்கரமும் டிஸ்க்கும் உட்காரும் நடுத்துண்டு) வழியாக நேராக பேரிங்குக்குத்தான் இறங்குகிறது. சாதாரண ரப்பர் சீல் 100, 120 டிகிரியைத் தாண்டினால் இறுகிப் போகும், இறுகிய சீல் வழியாக கிரீஸ் வெளியே, தூசி உள்ளே. போதாதற்கு அழகுக்காக ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறவர்களும் உண்டு. அவர்கள் பேரிங்கை டஜன் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.

சத்தம் வரும்வரை ஓட்டுவது

சாலைக் காருக்கு இதுதான் சரியான வழி. ஹூம் என்று முனகல் கேட்கும், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கூடும், மறுபக்கம் திருப்பினால் குறையும், மெக்கானிக்கிடம் விடுவோம். ரேஸ் காரில் இந்த முனகல் காதுக்கு வரவே வராது. உள்ளே மேட் இல்லை, சீட் இல்லை, எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே கத்துகிறது, தலையில் ஹெல்மெட். சத்தம் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டது என்றால் அந்த பேரிங் ஏற்கெனவே போய்விட்டது.

அதற்கு முன்பே கார் வேறு வழியில் சொல்லிவிடும். வேகமான வளைவு முடிந்து அடுத்த பிரேக்கிங்கில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகும், இரண்டாவது மிதியில் சரியாகிவிடும். ஹப்பில் ஆட்டம் இருப்பதால் வளைவில் டிஸ்க் சாய்ந்து பிரேக் பேடுகளை உள்ளே தள்ளிவிடுகிறது, அடுத்த மிதியில் அந்த இடைவெளியை நிரப்பவே பாதி பெடல் போய்விடுகிறது. நிறையப் பேர் இதை பிரேக்கில் காற்று என்று நினைத்து பிளீட் பண்ணிக்கொண்டே இருப்பார்கள். எண்ணெய் பாட்டில்தான் காலியாகும்.

ஆகவே இந்த வழியை எடுக்கிறவர்கள் ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் கையால் பார்த்தாக வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடது வலதாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் எண்ட். பிறகு கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு கையால் காயில் ஸ்பிரிங்கைப் பற்றிக்கொண்டு மறு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பேரிங்கானால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. குண்டு ஓடும் பாதையில் சொறி விழுந்திருந்தால் மணல் அரைபடுகிற மாதிரி நறநறவென்று விரலுக்கு வரும். காதால் கேட்க முடியாததை ஸ்பிரிங் பெரிதாக்கிக் காட்டுகிறது. காசு செலவில்லாத சோதனை இதைவிட நல்லதாக இன்னொன்று இல்லை.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் பிட்டுக்குள் வந்தவுடன் இடது ஹப்பையும் வலது ஹப்பையும் ஒப்பிடலாம். எத்தனை டிகிரி என்பதை விட்டுவிடுங்கள், ஒரே ஆக்ஸிலில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கூடினால் முதலில் காலிப்பர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், அப்புறம் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

கெடு வைத்து மாற்றுவது

சத்தத்துக்குக் காத்திராமல் இத்தனை ரவுண்டுக்கு (ரேஸ் வார இறுதிக்கு) ஒருமுறை என்று மாற்றிவிடுவது. நான் வைத்திருக்கும் கணக்கு: வளைவுகளில் அதிகம் பாரம் வாங்கும் பக்கத்து முன் பேரிங் அரை சீசனுக்கு ஒன்று, மறுபக்கம் சீசனுக்கு ஒன்று, பின்பக்கம் ஆட்டத்தைப் பார்த்து. டிராக் எந்தப் பக்கம் அதிகம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரம்தான் அடி வாங்குகிறது.

கேட்க நன்றாக இருக்கும் இந்த வழியில் ஒரு முள் இருக்கிறது. பழைய மாருதிகளிலும் அந்தத் தலைமுறையின் பெரும்பாலான முன்சக்கர இழுப்புக் கார்களிலும் பேரிங் நக்கிளுக்குள் பிரஸ்ஸில் அழுத்திப் பொருத்தப்பட்டது, அதற்குள் ஹப் அழுத்திப் பொருத்தப்பட்டது. ஹப்பை வெளியே தள்ளினாலே உள் ரிங் ஒன்று ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பேரிங் அத்தோடு முடிந்தது, நன்றாக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். ஆக, இந்த வகையில் பராமரிப்பு என்றாலே மாற்றுவதுதான், திறந்து கிரீஸ் அடைப்பது என்ற பேச்சே இல்லை.

அப்புறம் பிரஸ் அடிப்பவரின் கை. நக்கிளுக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளி ரிங்கில் மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை இறக்கும்போது உள் ரிங்குக்குக் கீழே தாங்கு கொடுக்க வேண்டும். இரண்டில் எதைத் தவறவிட்டாலும் டன் கணக்கான அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய், குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். புது பேரிங் அங்கேயே பாதி செத்துவிடும், நமக்கு இரண்டாவது ரவுண்டில்தான் தெரியும். பட்டறையில் நின்று, "அண்ணே, வெளி ரிங்குல மட்டும் தட்டு வச்சு அழுத்துங்க" என்றால், "நாப்பது வருஷமா இதத்தான தம்பி பண்ணிட்டிருக்கேன்" என்று பதில் வரும். நாற்பது வருடமும் டாக்ஸிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பண்ணியிருப்பார், அவற்றுக்கு அது தாங்கும். அளவுக்கேற்ற இரண்டு தட்டுகளை லேத்தில் கடைந்து நீங்களே கையோடு கொண்டுபோவது நல்லது. பழைய பேரிங்கின் வெளி ரிங்கை வெளிவிட்டத்தில் ஒரு நூல் கிரைண்ட் பண்ணி வைத்துக்கொண்டாலும் அருமையான தட்டு. நக்கிளை நூறு டிகிரி அளவுக்குச் சூடேற்றி, பேரிங்கை முந்தின நாள் இரவே ஃப்ரீசரில் போட்டுவைத்தால் பாதி அழுத்தத்திலேயே இறங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், இல்லையென்றால் வீட்டில் பேச்சு வாங்க நேரும், ஈரமும் ஏறும்.

இன்னொன்று: ஒவ்வொரு பிரஸ்ஸிலும் நக்கிளின் துளை கொஞ்சம் தேயும். நாலைந்து முறைக்குப் பின் வெளி ரிங் துளைக்குள்ளேயே நகர ஆரம்பிக்கும். லாக்டைட் வகை பசை போட்டு ஒட்டுவது ஒரு வார இறுதிக்கு ஓடும், சீசனுக்கு ஓடாது. கெடு வைத்து மாற்றுகிறவர்கள் பேரிங்கோடு சேர்த்து நக்கிளையும் தின்கிறார்கள் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பேரிங்கை எங்கே வாங்குவது? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் மாடலைச் சொல்லி வாங்கலாம், பிராட்வே பக்கத்துக் கடைகளில் பேரிங் நம்பரைச் சொல்லி வாங்கலாம். எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்எஸ்கே, கோயோ எதுவானாலும் எனக்குச் சம்மதம். பிராண்டுக்காகச் சண்டை போடுவதைவிட டூப்ளிகேட்டைத் தவிர்ப்பது முக்கியம். பெட்டியை வைத்து ஏமாறாதீர்கள். அச்சு மங்கலாக இருந்தாலோ, ரிங்கில் எழுத்து ஆழமில்லாமல் இருந்தாலோ, விலை பாதியாக இருந்தாலோ நடையைக் கட்டுங்கள். படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்க எஸ்கேஎஃப் ஒரு செயலியே வைத்திருக்கிறது. ஏபிஎஸ் உள்ள காரானால் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும், அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எல்லாவற்றையும் கழற்றி இன்னொரு புது பேரிங் வாங்க வேண்டும்.

நக்கிளையே இரண்டு செட் வைப்பது

இங்கேதான் நான் நிற்கிறேன். பேரிங் போட்டு, ஹப் இறக்கி, ஸ்டட் எல்லாம் அடித்து, முழுதாகத் தயாரான ஒரு ஜோடி நக்கிள் டிரங்கில் தயாராக இருக்கும். பழுதானால் டிராக்கில் பேரிங்கை மாற்றுவதில்லை, நக்கிளையே மாற்றுகிறோம். ஆக்ஸில் நட், காலிப்பரின் இரண்டு போல்ட், டை ராட் எண்ட், கீழ் பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டின் இரண்டு போல்ட். இவ்வளவுதான். பழகிய இருவர் இருந்தால் குவாலிஃபையிங்குக்கும் ரேஸுக்கும் இடையே ஒரு பக்கத்தை முடித்துவிடலாம். அதே இடைவெளியில் நக்கிளைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் பிரஸ்ஸைத் தேடிப் போனவர்கள் எத்தனை பேர் ரேஸுக்குத் திரும்பி வந்தார்கள் என்று பிட்டில் விசாரித்துப் பாருங்கள்.

பேரிங் வேலையில் பாதி கெடுவது அவசரத்தில்தான். வாரநாளில், வேலை குறைந்த மத்தியான நேரத்தில், நல்ல பிரஸ் உள்ள பட்டறையில் நின்று போட்ட பேரிங்குக்கும், பிட்டில் சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கிய பேரிங்குக்கும் பெட்டி ஒன்றுதான், ஆயுள் ஒன்றல்ல. போட்டபின் வீட்டிலேயே நிதானமாக டயல் கேஜ் வைத்து ஹப்பின் முகத்தைச் சுற்றிப் பார்க்கலாம். 0.05 மி.மீ.க்கு மேல் முள் ஆடினால் எனக்குத் திருப்தியில்லை. அது டிஸ்க்கின் விளிம்பில் இன்னும் பெரிதாகும், பெடலில் துடிப்பாக வரும்.

நக்கிளுக்குச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைதான். சாலையில் லட்சக்கணக்கில் ஓடிய மாடலானால் குவியலாகக் கிடக்கும். பேரம் பேசும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. அடிபட்ட காரில் இருந்து வந்ததா என்று ஸ்ட்ரட் போல்ட் போகும் காதுகளைப் பாருங்கள், வளைந்திருந்தால் பெயின்டோ துருவோ ஓர் இடத்தில் மட்டும் உரிந்திருக்கும். பேரிங் துளைக்குள் விரலை விட்டுத் தடவுங்கள், பளபளவென்று தேய்ந்த வளையம் இருந்தால் உள்ளே ரிங் சுழன்றிருக்கிறது, வேண்டாம். துளையின் விட்டத்தை லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் புது பேரிங் வாங்குங்கள். "பாய், ஃபிட்டாகலன்னா திருப்பிக் குடுத்துடுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், பழக்கம் இருந்தால்.

இதன் குறை? முதலில் செலவு ஜாஸ்தி. இரண்டு நக்கிள், இரண்டு ஹப், இரண்டு பேரிங் என்று ஒரே மூச்சில் போகும். மாற்றியபின் கேம்பரை (சக்கரத்தின் சாய்வுக் கோணம்) திரும்ப அளக்க வேண்டும், ஸ்ட்ரட் போல்ட் துளையில் இருக்கும் இடைவெளியே அரை டிகிரியைத் தின்றுவிடும். ஸ்டேக் பண்ணுகிற, அதாவது விளிம்பைத் தட்டி மடக்கிப் பூட்டுகிற, ஆக்ஸில் நட்டானால் ஒவ்வொரு முறையும் புதுசு. கூடவே ஒரு கண்டிப்பு: ஆக்ஸில் நட்டை மேனுவலில் சொன்ன டார்க்கில் இறுக்கும்வரை கார் அந்தச் சக்கரத்தில் நிற்கவே கூடாது. இரண்டு உள் ரிங்கையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த நட்தான். தளர்ந்த நிலையில் இரண்டடி தள்ளினாலும் புது பேரிங்கில் கைவரிசை காட்டிவிடும்.

நக்கிளில் நம்பர் பஞ்சால் ஒரு எண் அடித்து, எந்த ஜோடி எத்தனை சுற்று ஓடியது என்று நோட்டில் எழுதினால் கெடு வைக்கும் வழியும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

டேப்பர் ரோலர்

குண்டுக்குப் பதில் சாய்வான உருளைகள் உள்ள பேரிங் இது. பத்மினி, அம்பாசடர் காலத்துக் கைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. திறக்கலாம், கழுவலாம், பார்க்கலாம், கிரீஸ் அடைத்துப் போடலாம். ரோலர் கோட்டளவில் தொடுவதால் பாரம் தாங்கும் திறனும் அதிகம். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி இழுத்தால் மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவே புழுப் புழுவாகக் கிரீஸ் வெளிவரும். அதுவரை விடக்கூடாது. ரோலரில் வைக்கோல் நிறமோ நீலமோ ஏறியிருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது, குப்பைக்குப் போகட்டும். கழுவிய பேரிங்கைக் கம்ப்ரஸர் காற்றில் விர்ரென்று சுழற்றி விளையாடுகிறவர்கள் பக்கத்தில் நிற்காதீர்கள்.

நட்டைச் சக்கரம் சுற்றிக்கொண்டே இறுக்கி, பின் தளர்த்தி, விரல் இறுக்கத்துக்குக் கொண்டுவந்து காட்டர் பின் போட வேண்டும். 0.03 முதல் 0.12 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். இதைவிட இறுகினால் வேகும், தளர்ந்தால் பெடல் ஆழமாகும்.

பின் சக்கரத்திலோ பழைய காரிலோ ஏற்கெனவே டேப்பர் இருந்தால் பாக்கியம், வைத்துக்கொள்ளுங்கள். குண்டு பேரிங் உள்ள முன் நக்கிளைக் கடைந்து டேப்பருக்கு மாற்றுவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. லேத்தில் துளை ஒரே நேர்க்கோட்டில் வந்தாக வேண்டும், தோள் தடிமன் குறையும், சீலுக்கு இடம் இருக்காது. உங்கள் கிளாஸின் விதிகள் அதை அனுமதிக்கின்றனவா என்பதும் கேள்வி. ஸ்க்ரூட்டினி (ரேஸுக்கு முன் காரைப் பரிசோதிப்பது) கியூவில் நின்று பதில் தேடாமல் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

போல்ட் ஆன் ஹப்

உங்கள் கார் ஹப்பும் பேரிங்கும் ஒரே யூனிட்டாக, நாலு போல்ட்டில் நக்கிளோடு சேர்கிற வகையானால் மேலே சொன்ன பாதி விவாதம் உங்களுக்கு இல்லை. பிரஸ் வேண்டாம், முன்பாரம் (பேரிங்கில் முன்கூட்டியே வைக்கும் இறுக்கம்) ஃபேக்டரியிலேயே போடப்பட்டது. இரண்டாவது நக்கிளுக்குச் செலவழிக்காமல் ஒரு யூனிட்டைக் கூடுதலாக வாங்கிப் பெட்டியில் போட்டுவையுங்கள். விலை கொஞ்சம் கடிக்கும். துருப்பிடித்து நக்கிளோடு ஒட்டிக்கொள்வதுதான் இதன் ஒரே வியாதி, சீசன் முடிவில் ஒருமுறை கழற்றி ஆன்ட்டி சீஸ் (ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) மெல்லியதாகத் தடவிப் போடுங்கள்.

அமெரிக்காவில் மஸ்தா மியாட்டா ஓட்டும் அமெச்சூர்கள் பலர் சீல் பண்ணிய முன் ஹப்பையே பிரித்து, உயர்வெப்ப கிரீஸ் அடைத்துப் பூட்டுகிறார்கள். அந்த ஹப்பின் அமைப்பு அதற்கு இடம் கொடுக்கிறது. எல்லா யூனிட்டும் கொடுக்காது. பிரித்தாலும் பழைய கிரீஸை முழுக்கக் கழுவ வேண்டும். சீல் யூனிட்டுகளில் பெரும்பாலும் பாலியூரியா கிரீஸ், அதன்மேல் லித்தியம் காம்ப்ளெக்ஸை அடைத்தால் இரண்டும் சேராமல் இளகி ஓடக்கூடும்.

ஹப் உடைவது தனிக் கதை. பேரிங் போனால் ரேஸ் போகும், ஹப் உடைந்தால் சக்கரமே போகும். விரிசல் தொடங்குவது சக்கரம் உட்காரும் தட்டும் நடுத் தண்டும் சேர்கிற வளைவில். வருடத்துக்கு ஒருமுறை, பேரிங் மாற்ற ஹப் வெளியே வரும் நாளில், சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் தெளித்து அந்த வளைவைப் பாருங்கள், முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு தெரிந்தாலும் வேண்டாம். ஈஎன் 24 எஃகில் ஹப் கடைந்து தர சென்னையில் ஆள் உண்டு. ஆனால் அந்த வளைவின் ஆரத்தைச் சரியாக விடாமல் மூலையாகக் கடைந்துவிட்டால் ஃபேக்டரி ஹப்பைவிட மோசம். ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணி, ஆரம் சரியாக விட்டுத் தரும் ஆள் கிடைக்காதவரை புது ஃபேக்டரி ஹப்பே மேல்.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு விஷயம் பேரிங்கை ஓடாமலேயே கொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டிவிட்டு வந்து பிரஷர் வாஷரை ஹப்பின் மேல் பிடிப்பது ஒன்று. சூடாக இருக்கும் ஹப் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, சீலின் உதட்டில் நிற்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் உப்புக் காற்றில் இரண்டு மாதம் நின்றால் உள்ளே துரு. மற்றது லாரிப் பயணம். கோவை காரி ஸ்பீட்வேக்கு 500 கி.மீ. லாரியில் போகும்போது சக்கரம் சுழலாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். குண்டுகள் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருப்பதால் கிரீஸ் விலகி, குண்டுக்கு ஒரு வடு என்று பாதையில் பதியும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் ரயிலில் அனுப்பிய புதுக் கார்கள் இறங்கும்போதே இந்த வடுவோடு இறங்கின. வழியில் டீக்கு நிறுத்தும்போதெல்லாம் கட்டை அவிழ்த்து காரை ஓரடி நகர்த்தி மறுபடி கட்டினால் குண்டுகளின் இடம் மாறும். லாரி டிரைவர் முணுமுணுப்பார், டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கையில் இருக்கும் பணம் இந்த சீசனுக்கு ஒரே ஒரு நக்கிளுக்குத்தான் என்றால், பாரம் அதிகம் வாங்கும் பக்கத்துக்கு வாங்குங்கள். மறுபக்கத்துக்குப் புது பேரிங் போட்டு ஓட்டி, அந்தப் பக்கத்து நக்கிளை அடுத்த வருடம் வாங்கி ஜோடியாக்கிக்கொள்ளலாம்.